எலெக்ட்ரிக் கிட்டாரால் கணினி இசையை இயக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தும்போது கணினிக்கு ஒலி எதுவும் போவதில்லை. "60ஆம் நோட், இவ்வளவு வேகத்தில் அழுத்தினார்கள்" என்று ஒரு சின்னச் சேதி போகிறது. விரலை எடுத்ததும் "60ஐ விட்டாயிற்று" என்று இன்னொன்று. 1983இல் வந்த மிடி முறையின் சாரம் இவ்வளவுதான். கட்டைக்கு அடியில் சுவிட்ச் இருப்பதால் எது என்ன நோட் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கிட்டாரில் அந்தச் சுவிட்ச் கிடையாது. கம்பி அதிர்கிறது, பிக்கப் அதை மின்சாரமாக்கி அனுப்புகிறது, அது என்ன நோட் என்பதைக் கணினிதான் காதுகொடுத்துக் கேட்டுச் சொல்ல வேண்டும். கேட்க நேரம் பிடிக்கும். சில சமயம் தப்பாகவும் கேட்கும். இது புரியாமல் முதல் மாதம் முழுக்க மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டியிருந்தது என் வலது கையும் கிட்டாரில் உள்ள ஒரு திருகும்தான்.

கணினி எவ்வளவு நேரம் கேட்கிறது

ஒரு நோட்டின் சுருதி தெரிய, அந்த அலை குறைந்தது ஒரு சுற்று முழுதாக ஓடியாக வேண்டும். தைரியமாகச் சொல்ல இரண்டு சுற்று வேண்டும். வழக்கமான சுருதியில் தடித்த ஆறாம் கம்பி நொடிக்கு 82.4 முறை அதிர்கிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 12 மில்லிசெகண்ட். இரண்டு சுற்றென்றால் 24. மெல்லிய முதல் கம்பியின் அதிர்வு 329.6. அங்கே இரண்டு சுற்றுக்கு 6 மில்லிசெகண்ட் போதும். எந்தக் கம்பியானாலும் 12ஆம் ஃப்ரெட்டுக்கு ஏறினால் நேரம் பாதியாகிவிடும்.

இதன்மேல் கணினியின் சொந்தத் தாமதமும் ஏறும். 48,000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பஃபரை (கணினி ஒரே தவணையில் சேர்த்து எடுக்கும் அலை அளவுகளின் எண்ணிக்கை) 128 என்று வைத்தால் உள்ளே வர 2.7 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு 2.7. பஃபரை 64 ஆக்கினால் மொத்தத்தில் மிச்சமாவது அந்த இரண்டில் ஒன்று, 2.7 மில்லிசெகண்ட். ஆனால் தடித்த கம்பியில் வாசிக்கும் அதே வரியை ஒரு ஆக்டேவ் மேலே வாசித்தால் 12 மில்லிசெகண்ட் மிச்சம்! பஃபர் எண்ணோடு மல்லுக்கட்டுவதைவிட எந்தக் கம்பியில் வாசிக்கிறோம் என்பதே பெரிய விஷயம்.

ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது மாதிரி, யாருக்கும் உறுத்தாது. 30 என்றால் பத்து மீட்டர். அது விரலுக்கு நன்றாகவே தெரியும்.

முதல் வேலை: சுத்தமான சிக்னல்

ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும், அதில் கிட்டாருக்கென்று தனி இன்புட் இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் கிட்டார் படமோ "இன்ஸ்ட்ருமென்ட்" என்ற சொல்லோ சுவிட்சோ இருக்கும். சாதாரண பிக்கப்புக்குச் சுமார் 1 மெகாஓம் எதிர்ப்புள்ள இன்புட் தேவை. லைன் இன்புட்டில் செருகினால் சிக்னல் இளைத்து, பிக் படும் அந்தக் கூர்மை மழுங்கிவிடும். நோட் எங்கே தொடங்குகிறது என்பதைக் கணினி அந்தக் கூர்மையை வைத்துத்தான் பிடிக்கிறது. மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகுவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸோடு வரும் ஏசியோ டிரைவரையே போடுங்கள். மேக்கில் கோர் ஆடியோ தானாகவே பார்த்துக்கொள்ளும். லினக்ஸில் ஜாக் அல்லது பைப்வயர். இருக்கிற பலத்தையெல்லாம் காட்டி ஆறு கம்பியையும் ஒருமுறை அடியுங்கள். மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினைக் குறையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அலையின் தலை சீவப்படுகிறது என்று அர்த்தம், அதிலிருந்து இல்லாத மேல்சுரங்கள் கிளம்பும்.

டிஸ்டார்ஷன், டிலே, ரிவெர்ப் எதுவும் இந்தப் பாதையில் வரக்கூடாது. ஒருமுறை ஓவர்டிரைவ் பெடலை அணைக்க மறந்துவிட்டு, பியானோ ஒலியில் இரண்டே நோட் வாசித்தேன். மிடி சேதியை ஒலியாக்கும் சிந்தசைசரிலிருந்து கூரை ஓட்டின் மேல் ஆலங்கட்டி விழுந்த மாதிரி நோட்டுகள் கொட்டின. கிட்டார் ஒலியும் பாட்டில் வேண்டுமென்றால் அதே இன்புட்டை இரண்டு டிராக்கில் எடுத்து, ஒன்றில் மட்டும் ஆம்ப் சிமுலேட்டரைப் போடுங்கள்.

கிட்டாரைத் தயார்ப்படுத்துவது

கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். பிரிட்ஜ் ஓரத்தில் கம்பியின் அடிப்படை அதிர்வு மிகச் சிறியது, மேல்சுரங்கள்தான் அங்கே ஓங்கி ஒலிக்கும். அதைக் கேட்ட கணினி நீங்கள் வாசித்ததற்கு ஒரு ஆக்டேவ் மேலே சொல்லிவிடும். டோன் திருகை 10இலிருந்து 6, 7 வரை இறக்குங்கள். இதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன திருகு. முழுக்க மூடிவிட்டாலும் வம்புதான், பிக்கின் கூர்மையும் கூடவே போய்விடும்.

இன்டொனேஷனைப் பாருங்கள்: 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்திய நோட்டும் ட்யூனரில் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். பழைய, துருவேறிய கம்பியில் இது ஒருநாளும் ஒத்துவராது, மாற்றிவிடுங்கள்.

சிங்கிள் காயில் பிக்கப் உள்ளவர்களுக்கு ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. யாரும் வாசிக்காமலே நோட் வரும், அதுவும் எப்போதும் ஒரே நோட். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் இரைச்சலின் இரண்டாம் மடங்கு 100 ஹெர்ட்ஸ், ஆறாம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் அது 120 ஆகி, ஐந்தாம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் விழும். மென்பொருள் அந்த இரைச்சலை ஒரு நோட் என்றே நம்பிவிடுகிறது. மெல்லிய இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் போடுங்கள், கணினித் திரைக்கு நேராக உட்காராமல் சற்றுத் திரும்பி உட்காருங்கள். இரட்டைக் காயில் உள்ள ஹம்பக்கர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், பலன் பெரிது: நட்டுக்கு ஒட்டினாற்போல கம்பிகள் மேல் ஒரு துணி ஹேர்பேண்டைச் சுற்றிவிடுங்கள். தொடாத கம்பிகள் தாமாக அதிர்ந்து கிளப்பும் பேய் நோட்டுகளில் பெரும்பகுதி அடங்கிவிடும். திறந்த கம்பியில் வாசிக்க வேண்டிய இடம் வந்தால் மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று வழிகள்

முதல் வழி, ஒரு நேரத்தில் ஒரே நோட்டைப் பிடிக்கும் மென்பொருள். மெட்டு, பேஸ் வரி, லீட் இவற்றுக்கு இது போதும், இலவசமாகவும் கிடைக்கிறது.

இரண்டாவது, சாதாரண பிக்கப்பிலிருந்தே பல நோட்டுகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருள். ஜாம் ஆரிஜினின் மிடி கிட்டார் இதில் பெயர் பெற்றது. கார்டு பிடித்தாலும் பிரித்துச் சொல்கிறது. நெருக்கமான நோட்டுகள் சேர்ந்தாலோ கையை வீசி வேகமாக அடித்தாலோ தடுமாறும்.

மூன்றாவது, கம்பிக்கு ஒன்றாக ஆறு காதுள்ள ஹெக்ஸ் பிக்கப். ரோலண்டின் ஜிகே-3, ஃபிஷ்மனின் ட்ரிபிள்ப்ளே இந்த வகை. ஆறு கம்பியும் ஆறு தனிச் சிக்னலாக வருவதால், ஒன்றில் நடப்பது இன்னொன்றைக் குழப்பாது. இந்த யோசனைக்கு மிடியைவிட வயது அதிகம்: ரோலண்டின் ஜிஆர்-500 கிட்டார் சிந்தசைசர் 1977இலேயே வந்துவிட்டது. இந்தப் பிக்கப்பைப் பிரிட்ஜுக்கு மிக அருகில் பொருத்த வேண்டும், கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தபடி பார்த்தால் கம்பிக்கும் அதற்கும் இடையே சுமார் 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காந்தப் பிக்கப் என்பதால் நைலான் கம்பிக்கு வேலை செய்யாது.

என்னைக் கேட்டால் முதல் வழியில் தொடங்குங்கள். அதில் கை பழகாதவருக்கு ஹெக்ஸ் பிக்கப்பும் அதே தப்பைத்தான் ஆறு மடங்காகச் செய்யும்.

முதல் நோட்: ரீப்பரில் செய்து பார்ப்போம்

ரீப்பர் என்ற இசைப் பதிவு மென்பொருளில் புதிய டிராக் ஒன்றைத் திறந்து, கிட்டார் வரும் மோனோ இன்புட்டைத் தேர்ந்து, ரெக்கார்ட் ஆர்ம் செய்து மானிட்டரிங்கை ஆன் செய்யுங்கள். அந்த டிராக்கின் எஃப்எக்ஸ் பட்டியலில் ரீட்யூன் என்ற பிளகினை (மென்பொருளுக்குள் செருகும் துணைக்கருவி) போடுங்கள். அது ரீப்பரோடு வருவதுதான். சுருதி திருத்த வந்த பிளகினானாலும், சுருதி மாறும்போது மிடி சேதி அனுப்பு என்று அதில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்யுங்கள்.

இப்போது இரண்டாவது டிராக். அதில் ஏதாவது ஒரு சிந்தசைசர் பிளகினைப் போடுங்கள், ரீசிந்த்கூடப் போதும். முதல் டிராக்கிலிருந்து இதற்கு ஒரு செண்ட் அமைத்து, ஆடியோவை "இல்லை" என்றும் மிடியை "எல்லாம்" என்றும் வையுங்கள். முதல் டிராக் ஸ்பீக்கருக்குப் போவதை நிறுத்திவிடுங்கள். மூன்றாம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டில் விரல் வைத்து, ஒரே ஒரு முறை, மீட்டி நிறுத்துங்கள். சிந்தசைசர் மிடி 60ஐ, கீபோர்டில் நடு சி என்று சொல்லும் நோட்டை, ஒலிக்க வேண்டும். 72 வந்தால் அது ஆக்டேவ் தப்பு. டோன் திருகை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

பதிவு செய்யும்போது எப்போதும் கிட்டாரின் வெறும் ஒலியையே பதியுங்கள். ரீட்யூன் பிளேபேக்கிலும் ஓடுவதால், நாளைக்கு செட்டிங்கை மாற்றி அதே வாசிப்பிலிருந்து வேறு மிடியை எடுத்துக்கொள்ளலாம். மிடியை மட்டும் பதிந்தால் தப்பாக விழுந்தது தப்பாகவே கிடக்கும்.

மாற்றும் மென்பொருள் ஒன்றாகவும் இசை மென்பொருள் வேறாகவும் இருந்தால் நடுவே ஒரு கற்பனை கேபிள் வேண்டும். மேக்கில் ஐஏசி டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது, ஆடியோ மிடி செட்டப்பில் போய் உயிர்ப்பித்தால் போதும். விண்டோஸில் லூப்மிடி போன்ற இலவசக் கருவியைப் போடலாம். தாங்களே எல்லாவற்றையும் கட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ப்யூர் டேட்டா என்ற நிரல் கருவி இருக்கிறது. அதில் சிக்மண்ட் என்ற துண்டு சுருதியைச் சொல்லும், பாங்க் என்ற துண்டு நோட் தொடங்கும் கணத்தைச் சொல்லும். இரவுகள் காணாமல் போனால் நான் பொறுப்பல்ல.

கையை மாற்றுவது

பேஸ் வரி வாசிக்க வேண்டுமா? தடித்த கம்பியை விட்டுவிடுங்கள். நான்காம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டிலிருந்து வாசித்து, சிந்தசைசரில் மைனஸ் 12 டிரான்ஸ்போஸ் போடுங்கள். கேட்பவருக்கு ஆறாம் கம்பியின் அடி நோட்டு. கணினிக்கோ 24க்குப் பதில் 12 மில்லிசெகண்டில் விடை தெரிந்துவிடுகிறது. இன்னும் கீழே வேண்டுமென்றால் மைனஸ் 24 போட்டு மெல்லிய கம்பிகளில் வாசிக்கலாம்.

பிக்கை நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். அடுத்த நோட்டுக்குப் போகுமுன் முந்தையதை இடது விரலைச் சற்றே தளர்த்தி அணையுங்கள். கழற்றிவிட வேண்டாம், தளர்த்தினால் போதும். விரலை வெடுக்கென்று எடுத்தால் திறந்த கம்பி முனகும், அதுவும் ஒரு நோட்டாகப் பதிவாகும். ஹேமர்-ஆன் (மீட்டாமல் இடது விரலால் தட்டி எழுப்பும் நோட்) குறைந்த வேகத்திலேயே பதிவாகும், அதனால் மென்பொருளில் வெலாசிட்டி (அழுத்தும் வேகம்) வளைவைக் கொஞ்சம் தட்டையாக்குங்கள்.

தாமதத்தை மறைக்க ஒரு தந்திரம். சிந்தசைசரோடு கிட்டாரின் வெறும் ஒலியையும் மிக மெல்லிதாகக் கலந்துவிடுங்கள். பிக் படும் "டிக்" உடனே காதில் விழுகிறது, சிந்தசைசரின் உடல் சற்றுப் பிந்தி வந்து ஒட்டிக்கொள்கிறது. காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மெதுவாக எழும் ஸ்ட்ரிங்ஸ், பேட் போன்ற ஒலிகளில் தாமதம் இருப்பதே தெரியாது. பியானோவும் மாரிம்பாவும்தான் ஈவு இரக்கமில்லாமல் காட்டிக்கொடுப்பவை. ஆசைக்குப் பியானோவில் தொடங்கி வெறுத்துப்போனவர்கள் நிறைய.

பெண்ட்

கம்பியை இழுத்து வளைப்பதும் கமகமாக அசைப்பதும்தான் கீபோர்டுக்கு முன்னால் கிட்டார் தலைநிமிர்ந்து நிற்கும் இடம். மிடியில் பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் இருக்கின்றன, தாராளம். சிக்கல் வருவது எல்லையில். அனுப்பும் மென்பொருளில் பெண்ட் எல்லை 12 அரைச்சுரம், சிந்தசைசரில் 2 என்று இருந்தால், நீங்கள் முழுச்சுரம் இழுத்தாலும் கேட்பது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஏன் எல்லாமே லேசாக அபசுரமாக இருக்கிறது என்று ஒரு மாலை முழுக்கக் கிட்டாரைத் திருகிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான சிந்தசைசர்கள் 2இல்தான் திறக்கும். இரண்டு பக்கமும் ஒரே எண், அது 12 ஆனாலும் 24 ஆனாலும்.

மிடியில் பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும். கார்டில் ஒரு கம்பியை மட்டும் இழுக்க வேண்டுமென்றால் கம்பிக்கொரு சேனல் வேண்டும். ஹெக்ஸ் பிக்கப்பில் மோனோ மோடு என்பது அதுதான். நோட்டுக்கொரு சேனல் தரும், 2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ முறையை அறிந்த சிந்தசைசர் என்றால் ஒரே பிளகினில் வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் ஆறு பிரதிகளைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல் கொடுக்க வேண்டியதுதான். பியானோ, ஆர்கன் ஒலிகளுக்குப் பெண்டையே அணைத்துவிடுங்கள், சுருதி தள்ளாடாமல் படிப்படியாக நிற்கும்.

ஃப்ரெட்டையே பொத்தானாக்குவது

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. 22 ஃப்ரெட் உள்ள கிட்டாரில் இரண்டாம் கம்பியின் உச்சி மிடி 81. முதல் கம்பியின் 18ஆம் ஃப்ரெட் 82, 22ஆம் ஃப்ரெட் 86. ஆக 82 முதல் 86 வரையிலான ஐந்து நோட்டுகள் கிட்டாரில் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைக்கும். உங்கள் பாட்டு அவ்வளவு உயரம் போகாதென்றால் அந்த ஐந்தும் ரிமோட் பொத்தான்கள்!

ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் மிடி செட்டிங்கில் உங்கள் கற்பனை கேபிளுக்கு "டிராக்", "ரிமோட்" இரண்டையும் ஆன் செய்யுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல்-எம், மேக்கில் கமாண்ட்-எம் அழுத்தினால் மேப்பிங் நிலைக்குப் போகும். ஒரு கிளிப்பின் (பதிந்துவைத்த இசைத் துண்டின்) மேல் கிளிக் செய்து 20ஆம் ஃப்ரெட்டை மீட்டுங்கள். அதே விசையை அழுத்தி வெளியே வாருங்கள். இனி 20ஆம் ஃப்ரெட் அந்தக் கிளிப்பைத் தொடங்கிவைக்கும். ரீப்பரில் ஆக்ஷன் பட்டியலில் எந்தக் கட்டளைக்கும் இதேபோல ஒரு மிடி நோட்டைக் கட்டலாம்.

நிறுத்தும் பொத்தானை மட்டும் இங்கே வைக்காதீர்கள். நான் வைத்தேன். நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தபோது, உற்சாகத்தில் மேலே ஏறிய ஒரு ஸ்லைடு 22ஆம் ஃப்ரெட்டைத் தொட்டது, எல்லாம் கப்பென்று நின்றது. நிறுத்தவும் பதிவு தொடங்கவும் கால் பெடல்தான் சரி. சில மென்பொருளில் ஒரு நோட்டைக் குறிப்பிட்ட வேகத்துக்குமேல் அடித்தால்தான் கட்டளை போகும்படி வைக்கலாம். இருந்தால் பயன்படுத்துங்கள்.

நோட்டே வேண்டாம் என்றால்

கிட்டாரிலிருந்து கணினி தப்பில்லாமல், உடனடியாகப் படிக்கக்கூடிய ஒன்று உண்டு: சத்தத்தின் அளவு. அதற்குச் சுற்று எண்ணிக் காத்திருக்க வேண்டியதில்லை. கீபோர்டில் ஒரு கார்டைப் பதிந்துவைத்து, அதன் ஃபில்டரைக் கிட்டாரின் சத்தம் திறந்து மூடும்படி செய்தால், அழுத்தி மீட்டும்போது ஒலி பிரகாசமாகும், மெல்ல வாசித்தால் மங்கும். ஏபிள்டனில் என்வலப் ஃபாலோயர், ரீப்பரில் பாராமீட்டர் மாடுலேஷனில் உள்ள ஆடியோ சிக்னல் இணைப்பு இதற்குத்தான். அட்டாக் 5 முதல் 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் 200 அளவில் தொடங்குங்கள். ரிலீஸ் மிகக் குறைவாக இருந்தால் அலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஃபில்டர் படபடக்கும். டிஸ்டார்ஷனோடு வாசிக்கிறவர்களுக்கும் கை வீச்சாகக் கார்டு அடிப்பவர்களுக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கால் பெடலுக்கு வேண்டிய மிடி கட்டளை எண்கள் (சிசி என்பது கண்ட்ரோல் சேஞ்ச்): எக்ஸ்பிரஷன் சிசி 11, சஸ்டெயின் சிசி 64, மாடுலேஷன் சிசி 1.

அவசரமில்லாதவர்களுக்கு

நேரலையில் வாசிக்கத் தேவையில்லை, பாட்டு எழுதத்தான் என்றால் இத்தனை மல்லுக்கட்டும் வேண்டாம். வாசித்ததை ஆடியோவாகப் பதிந்துகொண்டு பிறகு மாற்றுங்கள். ஏபிள்டனில் மெலடியை மிடி டிராக்காக மாற்றும் கட்டளை இருக்கிறது, லாஜிக்கில் ஃப்ளெக்ஸ் பிட்ச், க்யூபேஸில் வேரிஆடியோ, தனியாக மெலடைன். இவற்றுக்கு அலையின் முன்னும் பின்னும் முழுதாகத் தெரியும் என்பதால், அவசரத்தில் பதில் சொல்ல வேண்டிய மென்பொருளைவிடத் தெளிவாகக் கேட்கும். ஆறாம் கம்பியும் இங்கே பிரச்சினை இல்லை. மாற்றியதும் 50 மில்லிசெகண்டுக்கும் குறைவான நோட்டுகளைத் தேடி அழித்துவிடுங்கள், பெரும்பாலும் குப்பைதான்.

நேரலையில் வாசிப்பவர்களுக்கு இன்னொன்று. என்றாவது ஒருநாள் "விட்டாயிற்று" என்ற சேதி வழியில் தொலையும், ஒரு நோட் நிற்காமல் கத்திக்கொண்டே இருக்கும். அதற்குச் சிசி 123, எல்லா நோட்டையும் நிறுத்து என்ற கட்டளை. கம்பிக்கொரு சேனல் வைத்திருந்தால் ஆறு சேனலுக்கும் அனுப்ப வேண்டும். கால் பெடலில் ஒரு பொத்தானை இதற்கென்றே ஒதுக்குங்கள், ஓரத்தில் இருப்பதாகப் பார்த்து. அந்த நேரத்தில் குனிந்து பெடலைப் பார்க்கத் தோன்றாது, காலால் தடவித்தான் மிதிப்பீர்கள்.